ஒறுப்பும் ஊர்ப்பொறுப்பும்

(சேலத்தில் தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறை என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. பறவையின் இறகும் சிறை, காவலும் சிறை, நீரைத் தடுத்து நிறுத்தும் கரையும் சிறை. பாய்ந்து வரும் வெள்ளத்தைக் குறுக்கே நின்று தாங்கும் கல்லணையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கற்சிறை என்றே குறிக்கின்றது. நீரை முதன்முதல் சிறைசெய்தவன் உழவன். அவன் சிறைசெய்தது மதகு வழியே வயலுக்கு விடுவதற்காக. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையைப் பார்த்து வளர்ந்த சேலத்து மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதகில்லாத அணையை எவரும் கட்டார். கட்டினும் அது பயிரைக் காவாது, ஊரையே ஒருநாள் அழிக்கும்.

மாந்தரை அடைக்கும் சிறைக்கு மதகு எங்கே உள்ளது? இதுவே இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

சேலம் அத்தம்பட்டியில் உள்ள நடுவண் சிறை 1862-இல் வெள்ளையர் ஆட்சியில் எழுந்தது. அம் மதிலுக்குள்ளேதான் 1950 பிப்பிரவரி 11-ஆம் நாள் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த சிறையாளர் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வெள்ளையன் போய் மூன்றாண்டு நிறையாத காலம்; குடியரசு மலர்ந்து இரண்டு கிழமை கடந்திருந்த காலம். ஆட்சி மாறிற்று, கொடி மாறிற்று, மதில் மாறவில்லை, மதிலுக்குள் இருப்போனை ஆளாக எண்ணாத மனப்பான்மையும் மாறவில்லை. அந்நாள் நிகழ்ச்சியை நினைவுகூர்தல் பழம்புண்ணைக் கிளறுதற்கன்று. அடைப்பது ஒன்றையே அறிந்த அமைப்பு எங்குப் போய் முடியும் என்பதை இம் மண்ணே கண்டது என்பதற்காக.

இன்று அச் சிறைகளில் இருப்போர் யார்? குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர்களே பெரும்பாலோர் என்று பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறு. 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் வழக்கு இன்னும் முடியாத உசாவல் சிறையாளர். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், குற்றவாளி என்று எந்த நடுவரும் தீர்ப்புரையாத நிலையிலேயே உள்ளே கிடந்தனர் என்பது இதன் பொருள். செல்வன் பிணையில் வெளிவருகின்றான். பிணைக்குக் கையெழுத்திட ஆளற்ற ஏழை உள்ளிருந்தபடியே ஒறுப்பை முன்கூட்டித் துய்த்து முடிக்கின்றான். தீர்ப்பு அதற்குப் பின்னர் வருகின்றது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறி ஓட்டும் இளைஞன் ஒருவன். முதலாளியிடம் முன்பணம் வாங்கியவன். அதனைத் தீர்க்க முடியாமல் தறியோடு தறியாகக் கட்டுண்டவன். ஒரு நாள், குடித்த மயக்கத்திலோ குழந்தைக்கு மருந்து வாங்கும் நெருக்கடியிலோ, ஓர் உழவரின் கிணற்று நீரேற்றியிலிருந்து செம்புக் கம்பியைக் கழற்றி விற்றுவிடுகின்றான். செய்தது குற்றமே, அதில் ஐயமில்லை. அவனைப் பிடித்துச் சிறையில் அடைக்கின்றனர். பிணைக்கு ஆளில்லை. திங்கள் சில கடக்கின்றன. தறிவேலை போகின்றது, முன்பணக் கடன் வளர்கின்றது, அக் கடனுக்கு ஈடாக அவன் மனைவி இரவுப் பொழுதுக்கும், பள்ளி செல்லும் மகள் பகற்பொழுதுக்கும் தறிக்கு வருகின்றனர். சிறையினுள்ளே அவனுக்கு அண்மையில் படுப்பவன் கைதேர்ந்த கள்வன். வெளிவரும்போது அவன் கற்றுவந்த தொழில் எதுவாக இருக்கும்?

கம்பியை இழந்த உழவர்க்குக் கிடைத்ததுதான் என்ன? புதுக்கம்பியை அவரே வாங்கினார். அதுவரை அவருடைய மரவள்ளி வாடிற்று. சான்று சொல்ல முறைமன்றத்திற்கு நடந்த நாள்களின் கூலியையும் அவரே இழந்தார். கள்வன் அடைபட்டான் என்னும் செய்தியன்றி அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை. கெட்டது ஒரு குடும்பமன்று; இரண்டு. அதற்கான செலவோ அரசுக்கு. அஃதாவது, உங்கள் வரிப்பணத்திற்கு.

இதற்கு வேறுவழி சட்டத்திலேயே உண்டு. அதனை அறியாமல் இருப்பதே நம் குறை. சென்னை மாகாணம் 1936-ஆம் ஆண்டிலேயே நன்னடத்தைச் சட்டம் ஒன்றை இயற்றியது. பின்னர் 1958-இல் இந்தியா முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. இறப்பு ஒறுப்போ வாழ்நாட் சிறையோ விதிக்கத்தக்க குற்றமன்றிப் பிற குற்றம் புரிந்தவரை, மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்திற்கு நன்னடத்தை உறுதிமொழி பெற்று வெளியே விடலாம் என்கின்றது அதன் 4-ஆம் பிரிவு. இழந்தவர்க்கு ஈட்டுத்தொகை தருமாறு ஆணையிடலாம் என்கின்றது 5-ஆம் பிரிவு. 21 அகவை நிறையாதவரைச் சிறைக்கு அனுப்பும் நடுவர், ஏன் வேறு வழியில்லை என்பதற்குக் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கின்றது 6-ஆம் பிரிவு. இவ்வாறு விடப்பட்டவர்க்கு, குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு நேராது என்கின்றது 12-ஆம் பிரிவு.

இவற்றினும் முதன்மையானது 13-ஆம் பிரிவு. நன்னடத்தை அலுவலர் அரசின் ஊழியராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அரசு ஏற்பளித்த ஒரு கழகம் தரும் ஆளும் அப் பொறுப்பை ஏற்கலாம். தனிநிலைகளில் நடுவர் தக்கவர் எனக் கருதும் பிறரும் ஏற்கலாம். அறுபது ஆண்டுக்கு மேலாக இவ் வாயில் திறந்தே கிடக்கின்றது. அதனுள் நுழைந்த ஊர்கள் எத்தனை? ஊர்தோறும் மன்றம் உண்டு, பாசறை உண்டு, நற்பணிக் கழகம் உண்டு. தேர்த்திருவிழாவிற்குப் பந்தல் போட ஆள் உண்டு. ஒருவனை மீட்டெடுக்க ஆள் இல்லையா?

2023-இல் இயற்றப்பெற்று, தி.பி. 2055, கி.பி. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய ஒறுப்புச் சட்டத்தையும் காண்போம். பாரதிய நியாய சன்கிதை என்று தமிழன் வாயில் நுழையாத வடமொழிப் பெயரை அதற்குச் சூட்டியுள்ளனர். பெயரைக் கண்டிப்போம், அதனுள் கிடக்கும் நல்லதை விடற்க. குமுகத் தொண்டு என்பதனை ஒறுப்பு வகைகளுள் ஒன்றாக அச் சட்டம் முதன்முறையாகச் சேர்த்துள்ளது. 5,000 உருவாவுக்குக் குறைந்த பொருளைக் களவாடி, முதன்முறையாகத் தீர்ப்புக்குள்ளாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டவனுக்குக் குமுகத் தொண்டே ஒறுப்பு. குடித்துவிட்டுப் பொதுவிடத்தில் முறைகேடாக நடந்தவனுக்கும் இதனை விதிக்கலாம். ஆனால் எத்துணை நாள், என்ன வேலை, எவர் மேற்பார்வை என்பன அச் சட்டத்தில் வரையப்படவில்லை. பொதுமக்களுக்குப் பயன்படும் ஊதியமில்லா வேலை என்ற அளவில் அஃது அமைகின்றது. எஞ்சியதை ஊர்தான் நிரப்ப வேண்டும். நடுவர் ஆணையெழுதலாம், எந்த ஏரியின் எந்தக் கரை உடைந்துள்ளது என்பது நடுவர்க்கு எவ்வாறு தெரியும்?

இவ் வெண்ணம் வெளிநாட்டிலிருந்து இறக்கப்பட்டது என்று சிலர் சொல்லக்கூடும். நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்குக் கல்லும் சான்று, நூலும் சான்று.

சோழர் காலக் கல்வெட்டுகளைக் காண்க. வேட்டையாடும்போது குறிதவறி அம்பு பட்டு ஒருவன் இறந்தால், எய்தவனைக் கொல்லாமலும் அடைக்காமலும், கோயிலில் நுந்தா விளக்கெரிக்குமாறு ஊராரும் நாட்டாரும் கூடித் தீர்ப்பளித்த செய்திகள் அவற்றில் உள்ளன. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்பது பெருவழக்கு. கணக்குக் குறையாமல் காக்கப்பெற்றமையின், சாவா மூவாப் பேராடு என்று அவற்றை அழைத்தனர். செய்த பிழை ஊர் நடுவே ஒளியாக எரிந்தது. பிழைத்தவனும் ஊரிலேயே வாழ்ந்தான். ஆயினும் பழமை என்பதற்காக அனைத்தையும் போற்றுதல் அறிவுடைமையாகாது. விளக்கு கோயிலுக்குச் சென்றது. இறந்தவனின் மனைவி மக்களுக்குச் சென்றது என்ன? ஆடு உடையவன் ஆடு தந்தான்; ஆடற்றவன் என் செய்திருப்பான்? இவ் வினாக்களையும் கேட்டுத்தான் பழமையிலிருந்து பாடம் கொள்ள வேண்டும்.

நூலிலிருந்து ஒரு சான்று. மணிமேகலைக் காப்பியத்தின் 30 காதைகளுள் 19-ஆவது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை. காயசண்டிகை உருக்கொண்ட மணிமேகலை, அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்துச் சிறைக்குள் செல்கின்றாள். பசித்துக் கிடந்தோர்க்கெல்லாம் உணவளிக்கின்றாள். வியந்த சோழ வேந்தன், வேண்டுவது யாதென வினவுகின்றான். பொன் கேட்கவில்லை அவள், ஊர் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அகற்றி அறக்கோட்டமாக்க வேண்டுகின்றாள். வேந்தனும் இசைகின்றான். உலகில் சிறைத்திருத்தம் என்னும் பேச்சு எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, ஓர் இளம்பெண்ணின் வாயிலாகத் தமிழ்க் காப்பியம் பேசிய பேச்சு இது!

அத்துடன் கதை முடியவில்லை என்பதையும் மறத்தலாகாது. 22-ஆவது காதை சிறைசெய் காதை. உதயகுமரனை வெட்டியவன் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன். காவலில் வைக்கப்பட்டவளோ மணிமேகலை. சிறையை அறக்கோட்டமாக்கியவளே, தான் செய்யாத கொலையின்பொருட்டு அடைபட்டாள். சட்டத்தை ஒருமுறை திருத்திவிட்டால் போதும் என்று கண்ணயர்ந்தால், மதில் மீண்டும் எழும் என்பதே இதன் படிப்பினை.

பிற நாட்டார் இத் துறையில் செய்தவற்றையும் அறிதல் நன்று. அமெரிக்கப் பாசுடன் நகரில் 1841-இல் சான் அகசுட்டசு என்னும் காலணித் தொழிலாளி, குடிப்பழக்கத்திற்காக நிறுத்தப்பட்ட ஒருவனைத் தம் பொறுப்பில் பிணையெடுத்தார். 1859-இல் அவர் இறக்குமுன் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை அவ்வாறு மீட்டார். நடுவரும் வழக்கறிஞரும் அல்லாத ஒரு கைவினைஞரே நன்னடத்தை முறையின் தந்தை என இன்று போற்றப்படுகின்றார். நியூசிலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம், மாவோரி மக்களின் மரபைத் தழுவி, குற்றம் புரிந்த சிறாரையும் அவர் குடும்பத்தையும் இழந்தவரையும் ஒருசேர அமர்த்திப் பேசும் குடும்பக் கூட்டத்திற்கு இடந்தந்தது. சிம்பாபுவே போன்ற செல்வமற்ற நாடும் 1990-களில் குமுகத் தொண்டு முறையை நடைமுறைப்படுத்திக் காட்டியது. பணமிருந்தால்தான் இயலும் என்னும் சாக்கு இனிச் செல்லாது.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று. ஊரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்றவுடன் சிலர் உள்ளம் களிக்கும். ஆலமரத்தடியில் கட்டைத் திண்ணையில் அமர்ந்து, தம் சாதியானுக்கு ஒன்றும் பிற சாதியானுக்கு வேறொன்றுமாகத் தீர்ப்புரைக்கும் 'கட்டப் பஞ்சாயத்து' மீண்டும் வரும் என்று அவர்கள் எண்ணுவர். அஃது இங்குப் பேசப்படும் ஊர்ப்பொறுப்பு அன்று. அவ்வகைக் கூட்டங்கள் சட்டத்திற்கு முற்றிலும் புறம்பானவை என 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் இந்திய உச்சநீதி மன்றம் தீர்ப்புரைத்துள்ளது. 2015-இல் இந் நாமக்கல் மாவட்டத்தில், பிற சாதிப் பெண்ணோடு பேசியதற்காக ஓர் ஒடுக்கப்பட்ட இளைஞன் கடத்திக் கொல்லப்பட்ட கொடுமையை இம் மண் மறக்கவில்லை. சாதியின் கையில் கோலைக் கொடுத்தால் அது செங்கோலாகாது.

மற்றொரு பழம்புண்ணும் உண்டு. 1871-இல் வடபுலத்தில் தொடங்கி 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் பரப்பப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தைக் கள்வர் எனப் பதிந்தது. கைவரி பதிக்கவும், காவல்நிலையத்தில் ஆள்காட்டவும் அவர்களை வாட்டியது. 1952-க்குள் அது நாடு முழுவதும் நீக்கப்பட்டது. ஆயினும் சீர்மரபினர் பட்டியலில் சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என இம் மாவட்டத்தின் பெயரே பொறிக்கப்பட்டுக் கிடக்கின்றது. ஆகலின், ஊர் மேற்பார்வை என்பது செயலைப் பற்றியதாக வேண்டும். பிறப்பைப் பற்றியதாகக் கூடாது. நாள்வரையறை உடையதாக வேண்டும். வாழ்நாள் தழும்பாகக் கூடாது.

இவ் வெச்சரிக்கைகளை நெஞ்சிற்கொண்டு, சேலம், நாமக்கல் சமவெளியில் ஒவ்வோர் ஊரும் வகுக்கத்தக்க திட்டம் வருமாறு:

முதலாவது, பணிப்பட்டியல். ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியமும் செய்யத்தக்க வேலைகளை எழுதி முறைமன்றத்திற்கு அளிக்க வேண்டும். சீமைக்கருவேல் மண்டிய பனமரத்துப்பட்டி ஏரி உண்டு. சாயக்கழிவால் கறுத்த திருமணிமுத்தாறு உண்டு. ஆத்தூர்ப் பக்கத்தில் வசிட்ட ஆறு உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரி 2010-க்குப் பின் பொதுமக்கள் முயற்சியால் சீர்பெற்றதைச் சேலத்தார் கண்ணாரக் கண்டனர். அத்தகைய வேலையில் இவர்களுக்கும் இடம் தரலாம். ஊர்ப்புற நூலகம், பள்ளித் தோட்டம், அரசு மருத்துவமனை ஆகியனவும் உண்டு. கைவினை அறிந்தவனுக்குக் கைவினைக்கேற்ற வேலை தருக. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டியில் உழைத்தவன் ஊர்க் கைப்பம்பைப் பழுதுபார்க்கட்டும். நாமக்கல்லில் சரக்குந்துக் கூடு கட்டும் தச்சன் பள்ளி இருக்கையைச் செப்பனிடட்டும். மலக்குழியில் இறக்குவதும், கழுத்தில் பலகை மாட்டித் தெருவில் நடத்துவதும் ஒருகாலும் கூடா. இழிவுபடுத்தப்பட்டவன் திருந்துவதில்லை, வஞ்சம் வளர்க்கின்றான்.

இரண்டாவது, பொறுப்புக் குழு. அது தீர்ப்புரைக்கும் குழுவன்று. நடுவரின் ஆணையை நிறைவேற்றும் குழு. ஒரே சாதியார் அதில் மிகுதல் கூடாது. ஊரினரும் சேரியினரும் ஒருங்கிருத்தல் வேண்டும். பெண்டிர் பாதிப்பேர் இருத்தல் வேண்டும். ஆசிரியர், செவிலியர், கைத்தொழிலாளர், உழவர் ஆகியோர் அமைதல் நன்று. 13-ஆம் பிரிவின்படி அரசின் ஏற்பைப் பெறத் தமிழ்மன்றங்கள் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, இழந்தவர்க்கு முதலிடம். கம்பி இழந்த உழவரை முதலில் கேட்க வேண்டும். ஈட்டுத்தொகை எவ்வளவு, எத்தனை தவணை என்பது அவர் அறிய முடிவாக வேண்டும். அவர் விரும்பினால் மட்டுமே நேரிற்கண்டு பேசச்செய்யலாம். மன்னிக்குமாறு அவரை வற்புறுத்தலாகாது.

நான்காவது, பிணையற்றார்க்குப் பிணை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோடு தொடர்புகொண்டு, சிறையில் கிடப்போருள் தம் ஊரார் எவர் என்று மன்றங்கள் கேட்டறிய வேண்டும். முதன்முறை வழக்குக்குள்ளானவர், அக் குற்றத்திற்குரிய பெரும ஒறுப்புக் காலத்தில் மூன்றிலொரு பங்கை உசாவலிலேயே கழித்திருந்தால் விடுவிக்கலாம் என்று 2023-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு சொல்கின்றது. இறப்பு ஒறுப்பும் வாழ்நாட் சிறையும் விதிக்கத்தக்க குற்றங்கட்கும், வேறு வழக்குகளும் உடையார்க்கும் அது பொருந்தாது. இதனை அச் சிறையாளனின் தாய்க்கு எடுத்துச்சொல்ல ஊரில் ஒருவராவது வேண்டாவா?

ஐந்தாவது, தமிழில் ஆணை. தான் எதற்கு உறுதிமொழி தந்தான் என்பதே புரியாத ஒருவன் அவ் வுறுதியை எவ்வாறு காப்பான்? ஆணையும் நாட்குறிப்பும் முடிவுச்சான்றும் அவன் படித்தறியும் தமிழில் இருத்தல் வேண்டும். முடிவு நாள் வந்ததும் கணக்கு மூடப்பட வேண்டும். அதன்பின் அவனைக் கள்வன் என்று விளிப்பவரே குற்றவாளி.

இவ் வழி எல்லார்க்கும் உரியதன்று. கொலைஞர்க்கும், பெண்டிரையும் குழந்தைகளையும் சிதைத்தவர்க்கும், சாதிவெறியால் குருதி சிந்தச் செய்தவர்க்கும் ஏரிக்கரையில் மண்சுமப்பது ஈடாகாது. கொடிய கொலைஞரை ஒறுத்தலைப் பயிர்நடுவே களை பறித்தலுக்கு ஒப்பிட்டவர் திருவள்ளுவர். அவரேதான் வெருவந்த செய்யாமைக்கும் கண்ணோட்டத்திற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். களையையும் பயிரையும் பிரித்தறிபவனே உழவன். இரண்டையும் ஒருங்கே பிடுங்குபவனுக்கு உழவுத்தொழில் தெரியாது.

சிறை இல்லையேல் அச்சம் போய்விடும். களவு பெருகும் என்பர் சிலர். தான் கெடுத்த கிணற்றின் உழவர் முகத்தைத் திங்கள்தோறும் கண்டு தவணை செலுத்துவதும், தன் ஊரார் காணக் கரை கட்டுவதும் எளிய ஒறுப்பென்று எண்ணற்க. சிறையில் அவன் எவர் முகத்தையும் பார்க்க வேண்டுவதில்லை. ஊரில் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். இவ்வகை ஒறுப்பில் அவன் மனைவி உடன் ஒறுக்கப்படுவதில்லை. மகள் பள்ளிக்குச் செல்வாள்.

தோழர்களே! இக் கூட்டம் கலைந்தபின் செய்ய வேண்டுவது ஒன்று. உங்கள் ஊரிலிருந்து இன்று சிறையில் இருப்போர் எத்தனை பேர், எக்குற்றத்திற்காக, எத்தனை திங்களாக என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுத இயலவில்லையெனின், உங்கள் ஊரை நீங்கள் இன்னும் அறியவில்லை என்பது பொருள். அறிந்தபின் நன்னடத்தை அலுவலரை அணுகுங்கள். உங்கள் மன்றத்தின் பெயரால் பணிப்பட்டியலைக் கொடுங்கள். ஒருவனுக்கேனும் பொறுப்பேற்றுக் காட்டுங்கள்.

ஒரு வேந்தனிடம் ஒரு பெண் வேண்டியதைக் காப்பியம் பாடிற்று. இன்று வேந்தன் இல்லை, ஊர் உண்டு. அணையைக் கட்டிய கைகளே மதகையும் திறக்கட்டும்! சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகுக!